அத்தான், உங்களை ஓவியராக்கிவிட்டார்கள்

என்னை ஒரு சொல்லாவது சீண்டாமல் ஒருநாளும் வாசற்கதவைத் திறந்துவிடாத அன்பின் அத்தானுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. இந்த எட்டு மாதத்தில் நீங்கள் ஓவியராகிவிட்டீர்கள். இந்தப் பலேர்மோ நகரத்தின் பொலிதேயாமாப் பகுதியில் ஒரே கட்டடத்தின் வாசலில் இருபத்தொன்பது வருடம் போர்த்தியேரேயாக, வாசற்காவலராக இருந்து, கதவு திறந்து, கடிதங்களைப் பிரித்துக் கொடுத்து, படிக்கட்டுக் கழுவியபோது வராத கலை, நெஞ்சுவலி வந்த கையோடு வந்துவிட்டது. மூச்சு ஒன்றுதான் இத்தனை நாளும் உங்களுக்குத் தடையாக இருந்ததுபோலும்.

இதே நகரத்தின் கால்சாப் பகுதியில், பழுது பார்த்துப் பளபளப்பாக்கிய ஒரு பிரபு மாளிகையில், உங்களுடைய பத்தொன்பது சுவரொட்டிகளும் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் கீழும் ‘வரைந்தவர்: மரியநாயகம்’ என்று போட்டிருக்கிறார்கள். நீங்கள் நேராக ஒரு கோடு போட்டதைக் கண்டவர் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஒருமுறை படிக்கட்டுக் கைப்பிடிக்குப் பச்சை வர்ணம் பூசினீர்கள். மூன்றாம் மாடிச் சீமாட்டி சிஞ்ஞோராவின் வெள்ளைக் கையுறை பச்சையானது. உங்கள் படைப்புகளின் முழுப் பட்டியல் அவ்வளவுதான்.

இதை நான் வீட்டுக்குள் அழுது முடிக்காமல் எல்லாரும் வாசிக்க எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பொய்யின் எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தவள் நான்.

நம்முடைய ஆட்களின் நினைவு மலர் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் சாப்பாட்டுப் பெட்டியோடு ஆளுக்கொன்று கையில் வைப்பார்கள். கோப்பை கழுவியவர் அதில் உணவகத் துறையில் தடம் பதித்திருப்பார். பணக்காரர் வீட்டு நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தவர் விலங்குகளின் நண்பராக இருப்பார். மனைவிக்கு அடித்தவர் கண்டிப்புக்குப் பெயர்பெற்ற குடும்பத் தலைவர். யாரும் இதை நம்புவதில்லை. நம்பாமல் வாசித்து, படம் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லி, கறி கொட்டுப்படாமல் இருக்கப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு போவதுதான் வழக்கம்.

உங்களுடையதை எழுதியவர் இங்குள்ள தமிழ்ச் சங்கச் செயலாளர் கிறகோரி அண்ணை. ‘தாய்லாந்து மண்ணில் திரைப்பட ஓவியத் துறையில் கொடிகட்டிப் பறந்து பின்னர் பலேர்மோவில் தம் கலைப்பணியைத் தொடர்ந்த அன்னார்’ என்று தொடங்கினார். பிழை பார்க்க எனக்கு அனுப்பினார். நான் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“அண்ணை, அத்தான் எப்ப படம் கீறினவர்?”

“கீறினவரோ இல்லையோ, சுவர் முழுக்க வைச்சிருந்தவர்தானே தங்கச்சி.”

“வைச்சிருந்தால் ஓவியரோ? என்ரை குளிர்ப்பெட்டியிலை மீன் இருக்கு. நான் மீன்பிடிச் சம்மாட்டியோ?”

“இஞ்சை பார் பிள்ளை. செத்த மனுசனுக்கு ஒரு தொழில் வேணும். கதவு திறந்து விட்டவர் எண்டு வழுவழுப்புத் தாளிலை அடிக்கேலுமே?”

நான் என்ன செய்தேன் தெரியுமா? ‘பறந்து’ என்பதற்குப் பிறகு ஒரு காற்புள்ளி வைத்தேன். வைத்துத் திருப்பி அனுப்பினேன். யார் வாசிக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அண்ணை இந்த முறை பங்குச் சுவாமிக்காகவும் சிஞ்ஞோராமாருக்காகவும் கடைசிப் பக்கத்தில் இத்தாலிய மொழியிலும் அதையே போட்டிருந்தார்.

ஒரு நினைவு மலரை நம்பக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இருந்தார். மூன்றாம் மாடி சிஞ்ஞோராவின் தங்கை மகன், படித்தவர் என்பதால் எல்லாரும் தொத்தோரே என்று கூப்பிடுகிறவர், கண்காட்சிகள் ஒழுங்கு செய்கிறவர். பெரியம்மாவின் மேசையில் கிடந்த உங்கள் மலரை எடுத்துக் கடைசிப் பக்கத்தை வாசித்திருக்கிறார். வாசித்துவிட்டுக் கீழே வந்து உங்கள் வாசல் அறையின் சுவரைப் பார்த்திருக்கிறார். அதே சுவரை அவர் பத்து வருடமாகக் கடந்து போனவர். அப்போது உங்களுக்கு வணக்கம் சொன்னதாக எனக்கு நினைவில்லை. நீங்கள் அப்போது ஓவியர் இல்லைத்தானே.

அத்தான், அந்தச் சுவரொட்டிகள் யாருடையவை என்பதை வாசிக்கிறவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நீங்கள் பலதடவை சொன்ன கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் நடந்த யுத்தத்துக்குத் தப்பி ஐரோப்பாவுக்குப் புறப்பட்ட உங்களை ஏஜென்சிக்காரன் பாங்கொக்கில் இறக்கிவிட்டுக் காணாமல் போனான். விசா முடிந்து, இரண்டு வருடம் பொலிசுக்கு ஒளித்துக்கொண்டு, ஒரு பட்டறையின் மேல்மாடியில் இருந்தீர்கள். கீழே ஒருவர் வெளிநாட்டுப் படங்களுக்குச் சுவரொட்டி வரைந்தார். அவருக்கு அமெரிக்காவிலிருந்தும் யப்பானிலிருந்தும் நாலைந்து புகைப்படங்கள் வரும், சிலவேளை அதுவும் வராது. படம் வருவதற்கு முன் தாள் சுவரில் ஒட்டப்பட்டாக வேண்டும். ஆகவே அவர் படத்தைப் பார்க்காமலே வரைந்தார். ஒரு தாளில் ஒரு இராட்சதக் குரங்கு, அதன் காலடியில் எரியும் கப்பல், பின்னால் எரிமலை, பக்கத்தில் உடுப்புக் கிழிந்த பெண், மூலையில் முத்தமிடும் சோடி, வெற்றிடம் மிஞ்சினால் ஒரு ஹெலிகொப்டர். பிறகு அது அச்சுக்குப் போய் ஊர் முழுக்க ஒட்டப்படும். படத்தில் எரிமலையும் இராது, கப்பலும் இராது. “காசு குடுத்து வந்தவனுக்குச் சுவரிலையாவது எரிமலை கிடைச்சுதே, அது போதாதோ?” என்று கேட்பீர்கள்.

அவருடைய பெயரைக் கேட்டால் ‘லுங்’ என்று மட்டும் சொல்வீர்கள். அந்த நாட்டில் பெரியப்பா மாதிரி ஆட்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். மிஞ்சிய தாள்களை அவர் தந்தார், நீங்கள் சுருட்டிக்கொண்டு வந்தீர்கள். வேறொருவருடைய கடவுச்சீட்டோடு றோம் விமான நிலையத்தில் நின்றபோது, அதிகாரி சுருளைப் பிரித்து ஒரு பேருந்தளவு எறும்பைக் கண்டு, மற்ற அதிகாரிகளையும் கூப்பிட்டுக் காட்டி, எல்லாரும் சிரித்து முடித்த நேரத்தில் கடவுச்சீட்டைப் பார்க்க மறந்துபோனார்கள். அந்த எறும்புக்கு நீங்கள் கடைசிவரை மரியாதை கொடுத்தீர்கள். வாசலுக்கு நேரே தொங்கவிட்டீர்கள். கட்டடக் கூட்டத்தில் அதைக் கழற்றச் சொன்னபோது, “சிஞ்ஞோரா, கள்ளன் இதைக் கண்டால் மேலே ஏறமாட்டான்” என்றீர்கள். கள்ளனும் ஏறவில்லை.

இனித் தொத்தோரேயின் கண்காட்சிக்கு வருவோம்.

அவர் குரங்கின் கீழே ‘போர்’ என்று எழுதியிருக்கிறார். இராட்சத மீனின் கீழே ‘கடலைக் கடந்தவரின் கெட்ட கனவு’. நீங்கள் விமானத்தில் வந்தவர் என்று சொன்னேன். “உள்ளத்தால் எல்லாரும் கடல்வழியாகத்தான் வருகிறோம்” என்றார். எறும்பு உங்களிடம் இரண்டு பிரதி இருந்தது, ஒன்று கிழிந்தால் மற்றது என்று லுங் தந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, ‘காயம் திரும்பத் திரும்ப வருகிறது’ என்று எழுதிவைத்திருக்கிறார். மூன்று பிரதி இருந்திருந்தால் உங்களை வைத்தியசாலையில் சேர்த்திருப்பார்.

இதிலும் பெரியது கையொப்பம். ஒவ்வொரு தாளின் அடியிலும் லுங் தன்னுடைய மொழியில் பெயரை எழுதியிருக்கிறார், தெரியும்தானே. தொத்தோரே அதைப் பெருப்பித்து, நுழைவாசலில் ஒரு ஆள் உயரத்துக்கு அடித்து, ‘கலைஞரின் தமிழ்க் கையொப்பம்’ என்று மாட்டியிருக்கிறார். வளைந்த எழுத்தெல்லாம் ஒரே எழுத்துத்தான் அவருக்கு. அதைவிட வெட்கம், கிறகோரி அண்ணை அதன் முன்னால் நின்று படம் எடுத்துச் சங்கத்தின் முகநூலில் போட்டதுதான். ஐம்பது வருடம் தமிழ் வாசித்த மனுசன். கீழே எண்பது பேர் ‘எங்கள் மொழிக்குக் கிடைத்த பெருமை’ என்று எழுதினார்கள்.

திறப்புவிழாவுக்கு அக்காவைச் சேலையில் வரச்சொன்னார்கள். உங்கள் புஸ்பம் முப்பது வருடமாகக் காற்சட்டையோடு மற்றவர்களின் வீடு கூட்டினவள். வேலைக்குப் போகும்போது அவள் என்ன உடுத்தினாள் என்று இந்த ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. அன்றைக்கு உடுத்தினாள். மூன்றாம் மாடி சிஞ்ஞோரா, இவ்வளவு காலமும் அவளுக்குக் கோப்பியைச் சமையலறையில் நின்று குடிக்கக் கொடுத்தவ, எல்லார் முன்னும் கையைப் பிடித்து, “இவர் ஓவிய மாயெஸ்த்ரோவின் மனைவி” என்று அறிமுகம் செய்தா. இருக்கச் சொல்லிக் கதிரை இழுத்துப் போட்டா. அக்கா இருந்தாள். அவள் அந்தக் கதிரையில் இருந்த விதத்தைப் பார்த்தபோதுதான் அத்தான் எனக்குப் பயம் வந்தது. பொய் என்று சொல்ல வாய் திறந்தால், அவளுக்குக் கீழிருந்து அந்தக் கதிரையை இழுக்கப் போவது நான்தானே?

பிறகு அவள் எழும்பிச் சுவர்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். முதலையின் முன் நின்றாள். பின்னால் ஒரு கப்பல் எரிய, அந்தக் கப்பலளவு முதலையின் வாயில் மஞ்சள் தலைமுடியோடு ஒருவன் கத்துகிறான். கீழே, ‘வெள்ளையனை விழுங்கும் கீழைத்தேயத்தின் கோபம்’ என்று எழுதியிருந்தது.

“றீற்றா, இஞ்சை வா,” என்று மெல்லக் கூப்பிட்டாள். “இது எங்கடை ஆளெல்லோ.”

ஓம் அத்தான். மேல்வாய்ப் பல்லில் அதே இடைவெளி. லுங்குக்குக் கத்துகிற முகம் ஒன்று தேவைப்பட்டு, உங்களை ஒரு மர வாங்கில் இருத்தி, அரை மணித்தியாலம் வாயைத் திறந்து வைத்திருக்கச் சொன்னது, பிறகு வெள்ளைக்காரப் படம் என்பதால் முடியை மஞ்சளாக்கியது எல்லாம் எங்களுக்குத் தெரியும். பொலிஸ் உங்களைத் தேடிய நகரத்தில் சந்திக்குச் சந்தி உங்கள் முகத்தை ஒட்டினார்கள். அதன் நிழலில் பொலிஸ்காரன் நின்று குளிர்பானம் குடித்ததைப் பேருந்திலிருந்து பார்த்ததாகச் சொன்னீர்கள். அந்த மண்டபத்தில் நீங்கள் உண்மையாகவே இருந்த இடம் அது ஒன்றுதான். அங்கே உங்களை வெள்ளையன் என்று எழுதியிருந்தார்கள்.

அடுத்த கிழமை தொத்தோரே ஒரு பத்திரம் அனுப்பினார். கண்காட்சி வடக்கே இன்னொரு நகரத்துக்குப் போகப்போகிறது. ‘இந்தப் படைப்புகளை வரைந்தவர் என் கணவர் மரியநாயகம் என உறுதியளிக்கிறேன்’ என்று அக்கா கையெழுத்து வைக்கவேண்டும். வைத்தால் லுங் என்கிற மனிதர் சட்டப்படியும் இல்லாமல் போய்விடுவார்.

சமையலறை மேசையில் எங்களுக்குச் சண்டை.

“வைச்சால் என்னடி? ஆருக்கு நட்டம்? செத்த மனுசனுக்கு ஒரு மரியாதை.”

“மரியாதை அவருக்கோ, உனக்கோ?”

“ஓம், எனக்குத்தான்! எனக்கு ஒருக்கால் கிடைக்கப்படாதோ? நீ புத்தகம் வாசிக்கிறனி, உனக்கு உள்ளுக்குள்ளை ஒரு கதிரை இருக்கு. எனக்கு ஆர் போட்டவை?”

நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஏதாவது பகிடி விட்டு எங்கள் இருவரையும் சிரிக்க வைத்து, பத்திரத்தின் மேல் தேத்தண்ணீரை ஊற்றியிருப்பீர்கள். எனக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை. கையெழுத்து வைப்பதானால் வை, ஆனால் யாருடைய பெயரின் மேல் வைக்கிறாய் என்று தெரிந்துகொண்டு வை என்று மட்டும் சொன்னேன்.

துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கும் சலவைக்கடையில் ஒரு தாய்லாந்துப் பெண் வேலை செய்கிறா. நான் கூட்டித் துடைக்கும் வீட்டுச் சிஞ்ஞோராவின் திரைச்சீலைகளை அங்கேதான் கொண்டுபோவது. கைபேசியில் கையொப்பத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனேன். நான் சொல்வதை நம்பமாட்டேன் என்று அக்காவும் வந்தாள். கப்பலிலிருந்து வந்த படுக்கை விரிப்பு மூட்டைகளுக்கு நடுவில் நின்று அந்தப் பெண் கைகளைத் துடைத்துவிட்டு, திரையை ஒருமுறை பார்த்து, ஒரு வினாடியும் யோசிக்காமல் வாசித்தா. “விச்சாய்.” நாலு பேரைக் கூப்பிட்டால் ஒருவர் திரும்பிப் பார்க்கும் பெயர், எங்கள் ஊர் அந்தோனி மாதிரி என்றா. பிறகு முழுப் படத்தையும் கேட்டா. முதலையைக் கண்டதும் சிரித்துவிட்டா.

“இதைச் சின்ன வயதில் பார்க்கப் போனோம். படத்தில் கப்பலே இல்லை. அப்பா வீடு வரும்வரை திட்டிக்கொண்டு வந்தார்.”

அக்கா அவவிடம் அந்தப் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். தானும் சொல்லிப் பார்த்தாள். வெளியே வந்து துறைமுகத்து மதில் முடியும் இடத்தில் நின்றாள். பிறகு சொன்னாள்:

“அந்தாளுக்கும் ஒரு மனுசி இருந்திருப்பாள், என்ன?”

வீட்டுக்கு வந்து பத்திரத்தை எடுத்தாள். வரைந்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயரை வெட்டி, விச்சாய் என்று எழுதினாள். கணவரின் தொழில் என்ற இடத்தில் பெரிய எழுத்தில் ‘போர்த்தியேரே’ என்று எழுதினாள். அதன் கீழே கையெழுத்து வைத்தாள். “முதலை வாயிலை இருக்கிறவர் என்ரை புருசன், அதை மட்டும் போடச்சொல்லு” என்றாள். நான் அதையும் சேர்த்து அனுப்பினேன். அவள் எதைக் கொடுத்துவிட்டாள் என்று நான் அறிவேன். மூன்றாம் மாடியில் அவளுக்கு மறுபடியும் நின்றபடிதான் கோப்பி.

தொத்தோரே உடனே பதில் எழுதினார். வரைந்தவர் யார் என்ற கேள்வியே பழைமையானது என்றார். ஒரு படைப்பை இவ்வளவு காலம் காத்து வைத்திருந்தவரும் ஒரு வகையில் அதைப் படைத்தவரே என்றார். விதவையின் தன்னடக்கம் தன்னைக் கண்கலங்க வைத்தது என்றார். பெயர்ப்பலகைகள் ஏற்கெனவே அச்சாகிவிட்டன என்று கடைசி வரியில் எழுதினார். அந்த ஒரு வரிக்காகத்தான் மற்றதெல்லாம் எழுதப்பட்டது. கிறகோரி அண்ணையும் கூப்பிட்டார்.

“சங்கத்தின்ரை மானம் போகும் பிள்ளை. ஆரும் கேட்டவையோ?”

ஒருவரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். விச்சாய் என்பவர் உயிரோடு இருக்கிறாரோ தெரியாது. இருந்தாலும் பலேர்மோவுக்கு வந்து கேட்கப்போவதில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில்தான் இந்த மாதிரி ஆட்கள் தாராளமாகக் கௌரவம் வழங்குவார்கள்.

அத்தான், அந்த மாளிகை திங்கட்கிழமையில் பூட்டு. திங்கள் காலையில் அதைக் கூட்டித் துடைப்பவர் மொரீசியஸ்காரத் தேவிகா, அக்காவோடு முன்பு ஒரே வீட்டில் வேலை செய்தவ. “வாளியோடு வாருங்கள், ஒருவரும் கேட்கமாட்டார்கள்” என்றா. அது சரிதான். வாளியோடு உள்ளே போகும் பெண்களை எங்கே போகிறீர்கள் என்று இந்த நகரத்தில் எவரும் இன்றுவரை கேட்டதில்லை. சுவரில் ஒட்டிய எழுத்தை, வர்ணம் உரியாமல், வெந்நீரும் வினாகிரியும் போட்டு எடுப்பது எப்படி என்று தெரிந்தவர்களும் எங்களைவிட இங்கே அதிகம் இல்லை. விச்சாய் என்று பத்தொன்பது துண்டு அச்சடித்து வைத்திருக்கிறேன். சலவைக்கடைப் பெண் தன் கையால் அந்த மொழியிலும் எழுதித் தந்தா. அக்கா நேற்று மாலை வந்து, பழைய பஞ்சுத்துணி ஒரு கட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

இப்படிப்பட்ட கடிதங்களின் முடிவில் இறந்தவரின் பெயரை நிலைக்கச் செய்வோம் என்று எழுதுவார்கள். நான் எழுதவில்லை. வருகிற திங்கட்கிழமை காலை, பத்தொன்பது இடத்திலும், உங்கள் பெயரை ஒரு எழுத்து மிஞ்சாமல் துடைத்துவிடுவேன் என்று உங்களுக்கு வாக்குத் தருகிறேன்.

உங்கள் வாயாடி மச்சாள்,
றீற்றா
பலேர்மோ